ஏ.டி.சி. நேர்முகத் தேர்வு: நிதி, டிரோன், ரிமோட் டவர் பற்றிக் கேட்டால்

ஏ.டி.சி., அதாவது விமானங்களுக்கு வழிகாட்டும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் (கன்ட்ரோலர்) வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு முதல் முறை போனபோது, ரிமோட் டவர் (விமான நிலையத்தைக் கேமரா மூலம் தொலைவில் இருந்து திரையில் பார்த்துக் கட்டுப்படுத்தும் முறை) பற்றி எல்லாம் தெரியும் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்தேன். 2015 ஏப்ரலில் ஸ்வீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக்கில் தொடங்கியது, 100 கிலோமீட்டருக்கும் அப்பால் சுண்ட்ஸ்வாலில் இருந்து இயக்குகிறார்கள், 2021இல் லண்டன் சிட்டி விமான நிலையமும் மாறிவிட்டது, அங்கே கோபுரத்தில் 16 கேமராக்கள் என்று மளமளவென ஒப்பித்தேன். தேர்வாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இறங்க வரும் விமானம் இரண்டு மைல் தூரத்தில் இருக்கிறது. உங்கள் திரை அணைந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த முறை தேறவும் இல்லை.

நிதி, டிரோன், ரிமோட் டவர் என்ற தலைப்புகளை எல்லாம் செய்தி படிப்பவரைப் போலப் படித்திருந்தேன். அடுத்த முறை, இதனால் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருப்பவருக்கு என்ன மாறுகிறது என்ற கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டு படித்தேன். நீங்களும் அப்படிப் படியுங்கள்.

நிதியை எடுத்துக்கொள்வோம். பலர் இதைப் பொருளாதாரப் பாடம் என்று தள்ளிவிடுகிறார்கள். கன்ட்ரோலர்களுக்கோ இது ஆள் பற்றாக்குறைக் கேள்வி. அமெரிக்காவில் 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை நிதி ஒப்புதல் கிடைக்காமல் அரசு 35 நாள் முடங்கியபோது, கன்ட்ரோலர்கள் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள். ஓக்லஹோமா சிட்டியில் கன்ட்ரோலர்களுக்கான பயிற்சி மையம் மூடப்பட்டது. கடைசி நாளில் சிலர் வேலைக்கு வராததால் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தார்கள். எல்லோரும் சொல்வது அந்தக் கடைசி நாளைத்தான். எனக்குப் பயிற்சி நின்றதுதான் பெரிதாகப் படுகிறது. ஒரு கன்ட்ரோலர் தனியாகப் பொறுப்பேற்க வருடக்கணக்கில் ஆகும். இன்று நின்ற வகுப்பின் குறை அப்புறம்தான் ஷிப்ட் பட்டியலில் தெரியும்.

அப்படியானால் அரசுப் பணம் வேண்டாம், விமான நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கி நடத்தலாமே என்று தேர்வாளர் மடக்குவார். கனடாவில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் நேவ் கனடா நிறுவனம் 1996 முதல் அப்படித்தான் நடக்கிறது. 2020இல் விமானங்கள் பறக்காமல் நின்றபோது வருமானம் சரிந்து, கட்டணத்தைச் சராசரியாக 29.5 சதவீதம் உயர்த்த வேண்டி வந்தது. இரண்டு வழியின் பலவீனத்தையும் சொல்லிவிட்டு, வருமானம் குறையும் காலத்திலும் பயிற்சிக்கான பணம் நிற்கக் கூடாது என்று உங்கள் கருத்தைத் துணிந்து சொல்லுங்கள்.

டிரோனுக்கு 2018 டிசம்பர் உதாரணம் போதும்: டிரோன் பறப்பதாகத் தகவல் வந்து லண்டனின் காட்விக் விமான நிலையத்தில் ரன்வேயை மூடினார்கள். சுமார் 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டார்கள். டிரோனே ஆபத்து என்று பொதுவாகப் பேசாதீர்கள். சிறிய டிரோன் வழக்கமான ரேடாரில் பெரும்பாலும் தெரியாது, அதை ஓட்டுபவர் நம் ரேடியோவில் இல்லை. கன்ட்ரோலரின் கவலை அதுதான். விமானி ஒருவர் டிரோனைப் பார்த்ததாகச் சொன்னால் இடம், உயரம், நேரம் குறித்துக்கொண்டு மற்ற விமானங்களை எச்சரித்து, மேற்பார்வையாளருக்கும் பாதுகாப்புப் பிரிவுக்கும் சொல்வது வரை வரிசையாகச் சொல்லிப் பழகுங்கள்.

சரி, ரிமோட் டவர். இதில்தான் மதிப்பெண் இருக்கிறது. நல்லதை மறைக்க வேண்டாம். கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், விமானத்தின் பெயர் திரையில் அதன் கூடவே நகரும், அகச்சிவப்புக் கேமரா இருந்தால் இருட்டிலும் உதவும். ஆனால் தட்டையான திரையில் தூரத்தைக் கணிப்பது கோபுரத்தின் கண்ணாடி ஜன்னல் வழியே பார்ப்பது போல இருக்காது. படம் வரும் கேபிள் அறுந்தால் என்ன என்ற கேள்வியும் நியாயமானது. லண்டன் சிட்டிக்கு மூன்று தனித்தனி இணைப்புகள் வைத்திருப்பது அதனால்தான்.

என்னை வாயடைக்க வைத்த கேள்விக்கு வருவோம். ரன்வே காலி என்று உறுதியாகத் தெரியாவிட்டால் 'கோ அரவுண்ட்' சொல்லி விமானத்தை மேலே அனுப்ப வேண்டும். புறப்பாடுகளை நிறுத்தி, மேற்பார்வையாளரிடம் சொல்லி, மாற்று ஏற்பாட்டுக்குப் போக வேண்டும். இதை நண்பரை எதிரே உட்கார வைத்து, கேள்வி வந்த மூன்று நொடிக்குள் முதல் சொல் வரும்வரை பயிற்சி செய்தேன்.

இரண்டாம் முறை வேறு கேள்வி வந்தது. "ஒரே ஆள் இரண்டு விமான நிலையங்களைப் பார்த்தால் செலவு குறையும். நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?" கன்ட்ரோலர் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான இஃபாட்கா, ஒருவர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களைக் கவனிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்வதைக் குறிப்பிட்டேன். பிறகு, "ஒரு நிலையத்தில் டிரோன் தகவல், இன்னொன்றில் இறங்கும் விமானம், இரண்டும் ஒரே நிமிடத்தில் வந்தால் ஒன்றை நான் கைவிட வேண்டியிருக்கும். அதனால் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்றேன். அவர் அடுத்த கேள்விக்குப் போகாமல் அதிலேயே பத்து நிமிடம் பேசினார்.