பாஸ்போர்ட் இந்தியா, ஓட்டு டப்ளின்

அயர்லாந்தில் வேலை அனுமதியில் இருக்கும் நம் ஆட்களில் பலருக்கு இன்னும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட இங்கே குடியுரிமை வேண்டியதில்லை. 18 வயது முடிந்து, இந்த நாட்டில் குடியிருந்தால் போதும். ஸ்டாம்ப் 1, ஸ்டாம்ப் 4 என்ற குடியேற்ற அனுமதிகளில் இருப்பவர், படிக்க வந்தவர், அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. நிற்கவும் செய்யலாம். கட்சி இல்லாதவர் என்றால் வாக்காளர் பட்டியலில் உள்ள 15 பேர் ஆதரவுக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் 100 யூரோ வைப்புத்தொகை கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

2024 ஜூன் 7, வெள்ளிக்கிழமை, டப்ளின் மாநகர கவுன்சிலுக்கு நான் முதல்முறை ஓட்டுப் போட்டேன். அது எப்படி நடந்தது, போட்டதால் என்ன கிடைத்தது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

பெயர் சேர்ப்பது சுலபம். முன்பு படிவத்தை எடுத்துக்கொண்டு கார்டா எனப்படும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் முத்திரை வாங்க வேண்டியிருந்ததாம். 2022-இல் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வந்தபின் பிபிஎஸ் எண் (அரசு தரும் அடையாள எண்), பிறந்த தேதி, ஏர்கோடு (வீட்டின் அஞ்சல் குறியீடு) மூன்றும் இருந்தால் இணையத்திலேயே முடிந்துவிடுகிறது. அந்தத் தேர்தலுக்கு மே 20 கடைசி நாள். பட்டியலில் சிலர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு ‘எல்’, அதாவது உள்ளாட்சி ஓட்டு மட்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்களுக்கு ‘இ’, அவர்களுக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டு உண்டு. பிரிட்டிஷ்காரர்களுக்கு ‘டி’, டாயில் எனப்படும் நாடாளுமன்றத்துக்கும் போடலாம். அதிபர் தேர்தல், பொதுவாக்கெடுப்பு எல்லாம் அயர்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும்.

தேர்தலுக்கு 30 நாள் முன்னாடிதான் விளக்குக் கம்பங்களில் போஸ்டர் கட்டலாம். முடிந்து ஏழு நாளுக்குள் கழற்றவில்லை என்றால் அபராதம். நம் ஊர் மாதிரி சுவர் விளம்பரம், ஆட்டோவில் ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. பிரசாரம் என்பது முழுக்க வாசற்கதவுதான். ஜூன் மாதத்தில் இரவு பத்து வரை வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்கு இரண்டு பேர் துண்டுச்சீட்டோடு வந்து நிற்பார்கள். எங்கள் தளத்தில் முக்கால்வாசிக் கதவுகள் திறக்கவே இல்லை. நான் திறந்தேன், பேசவும் செய்தேன். வந்த அம்மா கேட்டது இதுதான்: “முதல் எண் வேறு யாருக்காவது என்று முடிவு பண்ணிவிட்டீர்களா? பரவாயில்லை. இரண்டாவதை எங்களுக்குக் கொடுங்க.” இரண்டாவதைக் கேட்டு வீடு வீடாக அலைவார்களா என்று அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது. வாக்கு எண்ணும் இடத்தில் நின்றபோதுதான் அந்த அம்மா எவ்வளவு விவரமானவர் என்று புரிந்தது.

அவரிடம் நானும் கொஞ்சம் கேள்வி கேட்டேன். குடும்ப டாக்டர் யாரும் புது ஆளைச் சேர்த்துக்கொள்வதில்லையே? அது கவுன்சில் வேலை இல்லை. பள்ளியில் இடம்? இல்லை. போலீஸ்? இல்லை. தண்ணீர்? உய்ஷ்க ஏரன் என்ற அரசு நிறுவனம். குப்பையாவது? 2012 முதல் டப்ளின் நகரில் வீட்டுக் குப்பை எடுப்பது தனியார் கம்பெனிகள்தான். குப்பை வண்டிகூட இல்லாத மாநகராட்சியா என்று எனக்கு ஆச்சரியம். அப்புறம் என்னதான் செய்கிறார்கள்? கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் வீடுகள், கட்டட அனுமதி, சாலை, நடைபாதை, பூங்கா, நூலகம், தீயணைப்புத் துறை. இதிலும் அன்றாட நிர்வாகம் முழுக்கத் தலைமை நிர்வாகி என்ற அதிகாரி கையில். கவுன்சிலர்கள் கையில் இருப்பது பட்ஜெட், நகர வளர்ச்சித் திட்டம், சொத்து வரியை நிர்ணயித்த அளவிலிருந்து கூட்டவோ குறைக்கவோ செய்யும் உரிமை, லார்டு மேயரைத் தேர்ந்தெடுப்பது. தனிப்பட்ட கட்டட அனுமதிகளில் ஓட்டுப் போட அவர்களுக்குப் பொதுவாக உரிமை கிடையாது. கருத்து மட்டும் சொல்லலாம்.

ஒரே விதிவிலக்கு லிமெரிக். 2019-இல் கார்க், வாட்டர்ஃபோர்டு, லிமெரிக் மூன்று ஊர்களிலும் ‘மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா’ என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். மற்ற இரண்டும் மயிரிழையில் வேண்டாம் என்றன, லிமெரிக் சரி என்றது. நாங்கள் ஓட்டுப் போட்ட அதே நாளில் அங்கே நடந்த தேர்தலில் ஜெயித்து ஜான் மோரன், நாட்டின் முதல் நேரடி மேயரானார். டப்ளினில் இன்னும் 63 கவுன்சிலர்கள் கூடி ஆண்டுக்கு ஒருவரை லார்டு மேயர் ஆக்கும் பழைய வழக்கம்தான்.

ஓட்டுச்சாவடி பக்கத்துப் பள்ளிக்கூடம். காலை ஏழு முதல் இரவு பத்து வரை. வேலைக்குப் போகும் வழியில் நுழைந்தேன். வரிசையே இல்லை. எனக்கு முன்னால் நின்ற போலந்துக்காரருக்கு இரண்டு தாள், எனக்கு ஒன்று. அவருடைய ஐரோப்பியத் தாளில் மட்டும் 23 பேர், பாவம் மனிதர் மறைப்புக்குள் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். என் தாளில் வேட்பாளர் பெயர், படம், கட்சிச் சின்னம், பக்கத்தில் காலிக் கட்டம். பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில். இயந்திரம் இல்லை, விரலில் மையும் இல்லை. கயிற்றில் கட்டிய பென்சில். 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், ஒன்றோடும் நிறுத்தலாம். ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு வருவது நம் பழக்கம், இங்கே எண் போடுவதுதான் பாதுகாப்பு.

எங்களுடையது டோனமீட் வட்டாரம், ஐந்து இடங்கள். நம் ஊரில் ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர். இங்கே ஐந்து பேரும் எனக்குக் கவுன்சிலர். ஒருவர் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவரிடம் போகலாம் என்பது இந்த முறையின் பெரிய சௌகரியம், பின்னால் சொல்கிறேன்.

கதவு தட்டிய குழுவில் ஒருவர், எண்ணிக்கையில் டேலி போட (யாருக்கு எத்தனை விழுந்தது என்று கட்சிக்காரர்களே பார்த்துக் குறிப்பது) ஆள் குறைகிறது, வருகிறாயா என்று கேட்டார். கட்சி எது என்பதை விட்டுவிடுகிறேன். சனிக்கிழமை காலை பால்ஸ்பிரிட்ஜில் ஆர்டிஎஸ் கண்காட்சிக் கூடத்துக்குப் போனேன். நீள நீள மேசைகள், ஒரு பக்கம் கவுன்சில் ஊழியர்கள், தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள். பெட்டியைத் திறந்து தாள்களைப் பிரித்து நிமிர்த்தி வைப்பார்கள். அந்தச் சில விநாடிக்குள் எட்டிப் பார்த்து, 1 யாருக்கு விழுந்திருக்கிறது என்று நம் தாளில் கோடு போட வேண்டும். ஐந்தாவதைக் குறுக்கே. கழுத்து வலி ஒரு வாரத்துக்குப் போகவில்லை. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கோடு போட்டு, கடைசியில் எண்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதிகாரிகள் முதல் சுற்று முடிவைச் சொல்வதற்கு வெகுநேரம் முன்பே, யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் டேலியின் உண்மையான பயன் வேறு. கோடு போடுவது பெட்டிவாரியாக. எந்தப் பெட்டி எந்தத் தெருக்களுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய குடும்பங்கள், ஓய்வு பெற்றவர்கள் இருக்கும் தெருக்களின் பெட்டியைக் கவிழ்த்தால் மேசை நிறைந்தது. எங்கள் மாதிரி புது அடுக்குமாடிகள், பாதிக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள், அந்தப் பெட்டி வந்தபோது பக்கத்தில் நின்ற அனுபவசாலி, “இது சீக்கிரம் முடிஞ்சிரும், பாரு” என்றார். முடிந்தது. யாருக்கு விழுந்தது என்பதைவிட எவ்வளவு குறைவாக விழுந்தது என்பதுதான் அவர்கள் நோட்டில் ஏறியது. அடுத்த ஐந்து ஆண்டில் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்பதை அந்த நோட்டுதான் முடிவு செய்யும். ‘வெளிநாட்டுக்காரர் என்பதால் யாரும் நம்மைக் கண்டுகொள்வதில்லை’ என்று நம் வாட்சப் குழுக்களில் புலம்புகிறவர்களை ஒருநாள் அந்தத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி கணக்கு. ஐந்து இடங்கள், செல்லும் ஓட்டு 12,000 என்று வைத்துக்கொள்வோம். இடங்களோடு ஒன்றைக் கூட்டி, ஆறால் வகுத்தால் 2,000. அதோடு ஒன்று, 2,001. இதுதான் கோட்டா. ஆறு பேர் அதைத் தொட வழியே இல்லை. யாராவது 2,501 வாங்கினால் மிச்சம் 500 வீணாகாது. அவருடைய தாள்களை எல்லாம் இரண்டாம் விருப்பப்படி பிரித்து, அந்த விகிதத்தில் 500 தாள்களை மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். மிச்சம் யாருக்கும் இல்லாதபோது கடைசியில் இருப்பவரை வெளியேற்றி அவருடைய தாள்கள் அத்தனையும் அடுத்த விருப்பத்துக்குப் போகும். இப்படியே சுற்றுக்குப் பின் சுற்று. நம்மூரில் மாநிலங்களவைக்கு எம்எல்ஏக்கள் ஓட்டுப் போடுவதும் இதே மாதிரி விருப்ப வரிசை முறைதான். என்ன, அங்கே சில நூறு தாள்கள், இங்கே ஊரே போட்ட தாள்களைக் கையால் பிரிக்க வேண்டும். சில வட்டாரங்களுக்கு நாள்கணக்கில் ஓடியது.

நான் 1 போட்டவர் நடுவழியில் வெளியேற்றப்பட்டார். 2 போட்டவர் அதற்குள் ஜெயித்துவிட்டதால் என் தாள் அவரைத் தாண்டி 3 போட்டவரிடம் போயிருக்கும். அவர் கடைசி இடத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடைசி இடம் பெரும்பாலும் இப்படித்தான். கோட்டாவைத் தொடாமலே, மற்றவர் வீட்டு இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கரையேறுவார்கள். ஆகவே ஒன்றோடு நிறுத்திவிட்டு வருவது வீண் பெருந்தன்மை. பிடிக்காத ஒருவர் வரக்கூடாது என்று நினைத்தால், அவரை விட்டுவிட்டு மற்ற எல்லோருக்கும் எண் போடுங்கள்.

அந்த வாரம் நம்மவர்கள் மத்தியில் பேச்சு முழுக்க டப்ளினின் புறநகரான தாலா பற்றித்தான். கேரளத்திலிருந்து வந்து குடியேறிய பேபி பெரேப்பாடன் அங்கே மறுபடி ஜெயித்தார், பக்கத்து வட்டாரத்தில் அவர் மகன் பிரிட்டோவும் ஜெயித்தார். சில வாரத்தில் தந்தை தெற்கு டப்ளின் கவுன்சிலின் மேயரும் ஆகிவிட்டார். எங்கள் மாடியில் இருக்கும் கோட்டயத்து நர்ஸ் சேச்சி பாயசம் கொடுத்தார். “சேச்சி, நீங்க ஓட்டுப் போட்டீங்களா?” என்றேன். “நான் அங்கே இல்லையே, இங்கே யாரைத் தெரியும் எனக்கு?” என்றார். பாயசம் நன்றாக இருந்தது.

போட்டதால் என்ன கிடைத்தது என்பதற்கு வருகிறேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ரயில் நிலையத்துக்குப் போகும் சந்தில் விளக்கு எரியாது. குளிர்காலத்தில் நாலரைக்கே இருட்டிவிடும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ஐந்து கவுன்சிலர்களுக்கும் ஒரே நாளில் தனித்தனி மின்னஞ்சல் போட்டேன். ஒரே மடலை எல்லோருக்கும் நகல் வைத்து அனுப்பாதீர்கள், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். இருவர் மறுநாளே பதில் போட்டார்கள். ஒருவர் நேரில் வந்து சந்தில் நடந்து பார்த்தார். அவர் சொல்லித்தான் தெரிந்தது, அந்தச் சந்துப் பாதையை கவுன்சில் இன்னும் பொறுப்பேற்கவில்லை. கட்டிய நிறுவனம் வேலையைத் தரத்தோடு முடித்து ஒப்படைக்கும்வரை விளக்கு, சாலை எல்லாம் அந்த நிறுவனத்தின் தலையில். கவுன்சில் ஊழியர் பல்பை மாற்றக்கூட வரமாட்டார்.

கவுன்சிலர் வட்டாரக் குழுக் கூட்டத்தில் இதைக் கேள்வியாக வைத்தார். எழுத்துப்பூர்வமான பதில் வந்தது: ஒப்படைப்புக்கு முன் சரிசெய்ய வேண்டியவற்றின் பட்டியல், அதில் விளக்குகளும் ஒன்று. அந்தத் தாளை எங்கள் குடியிருப்போர் நிர்வாகக் கூட்டத்தில் வைத்தபோதுதான் கட்டட நிறுவனத்தின் ஆள் முதல்முறையாகத் தேதி சொன்னார். சொன்ன தேதிக்குப் பிறகு ஒரு மாதம் கழித்து விளக்கு எரிந்தது. கவுன்சிலருக்கு அதிகாரம் குறைவுதான். ஆனால் அவர் கேட்டால் அதிகாரி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், நான் கேட்டால் ‘உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது’ என்ற தானியங்கிப் பதில்தான் வரும். கவுன்சிலர்கள் மாதத்தில் சில நாள் நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ உட்கார்ந்து ஆட்களைச் சந்திப்பார்கள், அதற்குக் கிளினிக் என்று பெயர். மின்னஞ்சலைவிட அது வேகம்.

ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் தேர்ந்தெடுத்தவர் ஐந்து ஆண்டும் இருப்பார் என்று உறுதியில்லை. டாயில் உறுப்பினர் கவுன்சிலராகவும் இருக்க 2003-இல் சட்டம் தடை போட்டுவிட்டது. அதனால் 2024 நவம்பர் கடைசியில் பொதுத்தேர்தல் வந்தபோது கவுன்சிலர்கள் பலர் மேலே போய்விட்டார்கள். ஜூனில் டப்ளின் லார்டு மேயரான ஜேம்ஸ் கேகனே டாயிலுக்குப் போய்விட, டிசம்பரில் எம்மா பிளேன் வந்தார். காலியான இடத்துக்கு இடைத்தேர்தல் கிடையாது. கட்சி கைகாட்டும் ஆளைக் கவுன்சில் கூடிச் சேர்த்துக்கொள்ளும். இது எனக்கு உவப்பாக இல்லை. இத்தனை நுணுக்கமாக மூன்றாவது விருப்பம் வரை எண்ணிவிட்டு, ஆறே மாதத்தில் அந்த நாற்காலியைக் கட்சி அலுவலகத்திடம் கொடுப்பதா?

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029-இல். பட்டியல் இப்போது ஆண்டு முழுக்கத் திறந்தே இருக்கிறது, இன்றைக்கே சேரலாம். வாடகை வீடு மாறுகிறவர்கள் முகவரியையும் கூடவே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஓட்டுப் பழைய தெருப் பெட்டியில்தான் கிடக்கும். குடியுரிமை வாங்கியவர்கள் பட்டியலில் அதையும் திருத்தச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அது தானாக மாறாது.