காரைக்குடியிலிருந்து கேட்ட எஞ்சின்

"கார்ப்பரேட்டர் வண்டியா? புதுசாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாம், 600 டாலர் ஆகும்" என்றான் பட்டறைப் பையன். கார்ப்பரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம். அவன் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பணம் போகட்டும், அந்தப் பார்க்காமை எனக்குச் சுருக்கென்று தைத்தது. நகரத்தார் எங்களுடைய பிள்ளையார் நோன்புக்கு மூன்றே நாள் இருந்தது. இழை எடுக்க, அதாவது நூல் திரி போட்டுச் சுடரேற்றிய மாவை வாயில் வாங்கிக்கொள்ள, 60 மைல் தள்ளியிருக்கும் நம்மவர் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

மிச்சிகனுக்கு வந்து 9 வருடமாகிறது. பனி வாரத் தெரியும், மைனஸ் 12 டிகிரியில் குப்பைத்தொட்டியை வாசலுக்கு இழுத்துப் போகத் தெரியும். இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் ஆத்தாவிடம் போனில் சொல்லிவருகிறேன். அண்டை வீட்டுப் பெரியவர் கொடுத்துவிட்டுப் போன 1984 ஃபோர்டு பிக்கப்பை ஆசையாக வைத்திருக்கிறேன். ஒரே நீள இருக்கை. நான், மனைவி, மகள் மூன்று பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகலாம்.

அந்த டிசம்பரில் வண்டி கிளம்பிப் பத்து நிமிடம் ஆன பிறகும் எஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது. பின்னால் கரும்புகை, கோட்டெல்லாம் பெட்ரோல் வாடை. பிளக் ஒன்றைக் கழற்றினால் அடுப்புக்கரி பூசியதுபோல் வந்தது.

காலை ஏழு மணிக்கு வாட்ஸாப்பில் காரைக்குடி மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே மாலை ஐந்தரை. அப்பச்சியின் அம்பாசடரை 20 வருடம் பார்த்தவர். "போனை எஞ்சின் பக்கம் வைங்க தம்பி" என்றார். பின்னால் செக்காலை ரோட்டுப் பஸ் ஹாரன் கேட்டது. ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "சோக்கு தெறக்கலை. பெட்ரோல் கூடுது, காத்து பத்தலை" என்றார்.

சோக் என்பது குளிரில் எஞ்சின் கிளம்புவதற்காகக் காற்றைக் குறைக்கும் தட்டு. இதில் கையால் இழுக்கும் சோக் கிடையாது, எலக்ட்ரிக் சோக் என்றேன். அவர் அப்படி ஒன்றைத் தொட்டதே இல்லை. கார்ப்பரேட்டர் பக்கவாட்டிலிருந்த வட்டமான கறுப்பு மூடியைக் கேமராவில் காட்டி, உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய சுருள் வில் இருக்கிறது, குளிரில் அது சோக் தட்டை மூடி வைக்கும், கரண்ட் வந்து சூடேறினால் தளர்ந்து தட்டைத் திறக்கவிடும் என்று விளக்கினேன். "அப்பச் சரி. நம்ம கை செஞ்ச வேலையைச் சூடு செய்யுது. சூடு வருதான்னு பாருங்க" என்றார்.

கை செய்த வேலை என்றதும் மனசு கானாடுகாத்தானுக்கே போய்விட்டது. மார்கழி விடியலில் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்புவோம். முகப்பில் அம்பாசடர் நிற்கும், ஆச்சி தூக்குவாளியோடு பின் சீட்டில். டிரைவர் சோக் குமிழை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும் வேலை அப்பச்சி மடியில் உட்கார்ந்திருக்கும் என்னுடையது. எஞ்சின் சத்தம் எப்போது இறங்குகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். "இப்பத் தள்ளு" என்று அப்பச்சி என் விரல்மேல் விரல் வைப்பார். குமிழின் குளிர்ச்சி இன்னும் விரல் நுனியில் இருக்கிறது.

சரி, வண்டிக்கு வருகிறேன். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி, ஆக்சிலேட்டரை ஒரு முறை மிதித்தோம். தட்டு மூடிக்கொண்டது. விரலால் தள்ளினால் தடையில்லாமல் அசைந்தது. ஆகவே அழுக்கு பிடித்து இறுகவில்லை. ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. சோக்குக்கு வரும் வயர் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் பூஜ்யம்.

"பேட்டரியிலேர்ந்து நேரா ஒரு வயரை இழுத்துக் கொடுத்துருவோமா?" என்று கேட்டார் அண்ணன். சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தக் காலத்து ஃபோர்டுகளில் இந்த சோக்குக்கு 12 வோல்ட் போவதில்லை. எஞ்சின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர் முனையிலிருந்து ஏறத்தாழ 7 வோல்ட்தான். எஞ்சின் ஓடினால்தான் அதுவும் வரும், சாவியை மட்டும் திருப்பிவைத்தால் வராது. 12 கொடுத்தால் எஞ்சின் சூடாவதற்கு முன்பே தட்டு திறந்துவிடும், குளிரில் வண்டி திணறும். படித்துக் காட்டியதும், "கெட்டிக்காரன்தான் செஞ்சிருக்கான்" என்று அண்ணன் மனசாரப் பாராட்டினார்.

எஞ்சினை நிறுத்தி, சோக்கின் வயரை உருவி, அதன் முனைக்கும் கார்ப்பரேட்டர் உடம்புக்கும் இடையே ஓம் பார்த்தேன். சில ஓம் காட்டியது. உள்ளே சுருள் அறுந்துபோகவில்லை, எர்த்தும் இருக்கிறது. மறுபடி ஓடவிட்டு ஆல்டர்னேட்டர் பக்கம் வைத்தால் ஏழுக்குப் பக்கத்தில் நின்றது. அங்கே இருக்கிறது, இங்கே வரவில்லை. வயரோடு விரலை ஓட்டிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு இணைப்பு, உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு. பனிக்காகச் சாலையில் கொட்டுகிற உப்பு செய்த வேலை. கத்தி முனையால் சுரண்டவே முடியவில்லை. வெட்டி எறிந்துவிட்டுப் புது இணைப்பு மாட்டினேன். செலவு 4 டாலர்.

இந்தமுறை மூடி கைக்குள் மெல்லச் சூடேறியது. மூன்று, நான்கு நிமிடத்தில் தட்டு நிமிர்ந்து நின்றது. ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டினேன், அலறல் இறங்கியது. 13,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற மனிதர் காது கொடுத்துக் கேட்டார், எதிரில் நின்ற பையன் கேட்கவில்லை. இந்த ஊரில் எனக்குத் தீராத குறை இதுதான். எதையும் கழற்றி எறியத் தயாராக இருக்கிறார்கள், ஐந்து நிமிடம் கூட நின்று பார்ப்பதில்லை. குளிரைக்கூட மன்னித்துவிட்டேன்.

நோன்பன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆவாரம்பூ கிடைக்காமல் கடைப்பூ வைத்திருந்தார்கள். பொரி மட்டும் ஊரிலிருந்து வந்தது. 21 நூல் திரித்துப் போட்ட இழைமாவில் சுடரேற்றிப் பெரியவர் நீட்ட, மகள் முதன்முறையாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுடரோடு வாயில் போட்டுக்கொண்டாள்.

இரவு கிளம்பும்போது வண்டி உறைந்து கிடந்தது. ஒரு மிதி, ஒரு சாவி. சத்தம் உயர்ந்தது, சூடேறியபின் ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டியதும் இறங்கியது. எல்லாவற்றையும் பதிவு செய்து அண்ணனுக்கு அனுப்பினேன். அங்கே விடிந்திருந்தது. முழுசும் கேட்டுவிட்டுத்தான் பதில் போட்டார்: "நல்லா இருக்கு தம்பி. பாப்பா இழை எடுத்துக்கிச்சா?"