குன்மனாரா: உலுரு நாட்குறிப்பு

பிப்ரவரி 3
ஆஸ்திரேலியாவில் உலுரு பாறையடியில் உள்ள பழங்குடி ஊர் முட்டிஜுலுவில் சாவு. நாளை எங்கள் சுற்றுலா வேலைப் பட்டியலில் (ரோஸ்டர்) உள்ள ஆறு பேரில் நாலு பேர் வரமாட்டார்கள்.

பிப்ரவரி 4
இறந்தவரின் பெயர் இனி வாயில் வரக்கூடாது. அதே பெயருள்ள இளைய வழிகாட்டியும் இன்றிலிருந்து குன்மனாராதான்; இறந்தவர் பெயருக்குப் பதிலாகச் சொல்லும் பெயர் அது. ரோஸ்டர், சட்டையில் குத்தும் பெயர் அட்டை, வேன் சாவிக் கொக்கிக்கு மேல் ஒட்டிய சீட்டு எல்லாம் மாறணும். சீட்டைத்தான் மறப்பார்கள். சம்பளக் கணினிக்கு இதெல்லாம் புரியாது. ரசீதை உறைக்குள் போட்டுக் கொடுப்பதே வழி. பிரசுரத்தில் இறந்தவர் படம் இருந்தால், குடும்பத்தைக் கேட்கும்வரை பிரசுரமெல்லாம் கட்டு கட்டாக உள்ளே.

பிப்ரவரி 5
36 டிகிரி என்கிறார்கள். கட்டா ஜுட்டா குன்றுகளில், கரு முனை என்ற பார்வையிடத்துக்கு அப்பால் நடைபாதை 11 மணிக்கு அடைப்பு.

பிப்ரவரி 6
"மாற்று ஆள் போடுங்கள்" என்று மேலிருந்து மின்னஞ்சல். ஓட்டுநருக்கு மாற்று உண்டு. ஆனால் இந்த மண்ணின் ஆதிக்கதையான குனியா மலைப்பாம்பின் கதையை நீர்நிலையருகே நின்று சொல்வதற்குப் பாத்தியதை வேண்டும். அது ஷிஃப்டோடு கைமாறாது. ஓட்டுநர் பலகையில் உள்ளதைப் படிக்கலாம், படம் எடுக்கக்கூடாத இடங்களைக் காட்டலாம், அவ்வளவுதான். மீதிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதே மரியாதை.

மொழிபெயர்ப்பாளர் சம்பளத்தை மிச்சம் பிடிப்பது இன்னொரு வினை. இந்த மண்ணின் மொழியான பிட்ஜன்ஜஜாரா மட்டும் பேசும் மூத்த பெண்கள் விலகிவிடுவார்கள். மிஞ்சும் இளசுகளுக்கு ஆங்கிலம் இருக்கும், சொல்லும் உரிமை இருக்காது.

பிப்ரவரி 8
மறுபடி அதே கணக்கு: இந்த மண்ணின் பழங்குடியினரான அனங்குகளுக்கு எவ்வளவு? பூங்கா நுழைவுச்சீட்டு 38 டாலர், கால்பங்கு அனங்குகளுக்கு: 9.50. 1985 அக்டோபர் 26 அன்று நிலம் அவர்கள் கைக்கு வந்தது. அன்றே அரசுக்கு 99 வருடக் குத்தகைக்கும் போனது. பூங்கா நிர்வாகக் குழுவில் 12 பேரில் 8 பேர் அனங்கு, சரி. பூங்காவுக்கு வெளியே உள்ள யூலாரா சுற்றுலா விடுதியை 2011-இல் வாங்கியதோ சட்டப்படி அமைந்த பழங்குடி நில நிறுவனம், அனங்குகள் அல்ல. அங்கே பயிற்சிக்கு நாடெங்கிலுமிருந்து பழங்குடி இளைஞர்கள் வருகிறார்கள்; நல்லதுதான். ஆனால் "பழங்குடி ஊழியர்" என்று அட்டவணையின் ஒரே பத்தியில் எல்லாரையும் கூட்டினால் முட்டிஜுலுக்காரர் எத்தனை பேர் என்பது மறைந்துபோகும். தனிப் பத்தி வேண்டும்.

பிப்ரவரி 9
துக்கம் முடியவில்லை.

பிப்ரவரி 11
பூனு என்னும் மரச்செதுக்கு வேலையைப் பார்க்கிறேன். செதுக்கிய மரப்பல்லியின் முதுகில், தீயில் பழுத்த வேலிக்கம்பியால் கோடு கோடாகச் சுடுகிறார்கள். கம்பி ஆறினால் இழுபடும், உடனே மறுபடி தீக்குள். பாதிப் பல்லியைப் பதினைந்து நாள் கிடப்பில் போட்டாலும் கெடாது, வந்து தொடரலாம். அனங்குகளுக்கே சொந்தமான மருக்கு என்ற கலைப்பொருள் நிறுவனம் 1984-இலிருந்து இப்படித்தான் வாங்கி விற்கிறது. காலை 8 மணி வேனுக்கு அந்தப் பொறுமை ஏது?

பிப்ரவரி 12
இருவர் வந்தார்கள். சாவிக் கொக்கியில் பழைய சீட்டு.