மார்கழி சீசனில் பகல்தான் லாபம்

சென்னைக்குக் குளிர்காலம் உண்டா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். டிசம்பர் பாதி தொடங்கி ஜனவரி முடிய விடிகாலையில் 20, 21 டிகிரிக்கு இறங்கும், அவ்வளவுதான். ஆனால் வியர்வையில் நனையாமல் நாள் முழுக்க நடக்க முடிகிற காலம் இந்த ஊரில் இது மட்டுமே. கச்சேரி, கேன்டீன், கோலம், புத்தகக் காட்சி எல்லாம் இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் அடைந்துகொண்டு வருகின்றன.

மார்கழி இசை சீசனுக்கு முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய வித்வான்களின் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் தேடி அலைகிறார்கள். கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. சீசனின் நல்ல பாதி சாயங்காலம் நாலு மணிக்குள், பெரும்பாலும் காசில்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது.

மயிலாப்பூரில் தங்க இடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. காலை ஆறு மணிக்குக் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் நடந்து பாருங்கள். கோலம் பார்க்க ஏழு மணிக்குள் போக வேண்டும், அப்புறம் ஸ்கூட்டர்கள் ஏறிவிடும். நீங்களே போட்டுப் பார்ப்பதானால் தண்ணீர் தெளித்த தரை ஈரம் உறிஞ்சும் வரை கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் நிற்கும் தரையில் மாவு பரவி இழை தடித்துவிடும்; காய்ந்த தரையில் மாவு பிடிக்காமல் காற்றில் போய்விடும். குடையை மறக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசி வரைகூட எட்டிப் பார்க்கும்.

எட்டு மணிவாக்கில் டி.டி.கே. சாலை மியூசிக் அகாடமிக்குப் போனால், ஆண்டு விழா நாட்களில் சொற்பொழிவும் செயல்விளக்கமும் சேர்ந்த காலை அமர்வு இருக்கும். அனுமதி இலவசம். ஒரே ராகத்தை நாகஸ்வரக்காரர் எப்படிப் பிடிக்கிறார், பாடகர் எப்படிப் பிடிக்கிறார் என்பதுபோன்ற நுணுக்கங்களை வாசித்தும் பாடியும் காட்டுவார்கள். பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை, மதியக் கச்சேரியில் காது தானாகக் கூர்மையாகிவிடும்.

மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை, கச்சேரி நடத்தும் அமைப்புகளான சபாக்களில் பெரும்பாலானவற்றில் இளம் கலைஞர்களின் நேரம். டிக்கெட் தேவையில்லை, ஒரு கச்சேரி ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இசை உலகில் நல்ல இடம் கிடைக்க வேண்டுமென்று மூச்சுமுட்டத் தயார்செய்து வருகிறவர்கள் இவர்கள்தான். மாலையில் பேர் பெற்றவர் நூறாவது முறையாகப் பாடுவதைவிட இதில் விறுவிறுப்பு கூடுதலாக இருக்கும் என்பது இங்கே பலருக்குத் தெரிந்தும் சத்தமாகச் சொல்லாத விஷயம்.

எங்கே உட்காருவது? முதல் வரிசை வேண்டாம், ஒலிபெருக்கி காதைக் கிழிக்கும். ஏழெட்டு வரிசை தள்ளி நடுவில் உட்காருங்கள். வழக்கமான மேடையில் பாடுகிறவருக்கு வலப்புறம், அதாவது நமக்கு இடப்புறம், மிருதங்கம் இருக்கும். அதன் வலந்தலை, அதாவது வலக்கையால் வாசிக்கும் முகம், சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வாசிப்பவர் இடக்கைக்காரராக இருந்தால் பக்கம் மாறி உட்காருவார். வயலின் எதிர்ப்பக்கம் இருக்கும். வயலின்காரரின் இடக்கை விரல்கள் நம் பக்கம் இருப்பதால் ஸ்வரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் எப்படி விழுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

ராகம் கண்டுபிடிக்கும் போட்டியில் இறங்காதீர்கள், அது பக்கத்து இருக்கை மாமாக்களின் விளையாட்டு. புதிதாகக் கேட்பவருக்குத் தாளம்தான் சுலபமான வாசல். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இரண்டு இடங்களில் கை தடுமாறும். பல பாட்டுகள் முதல் தட்டிலேயே தொடங்குவதில்லை, அரை எண்ணிக்கையோ ஒன்றரை எண்ணிக்கையோ தள்ளித்தான் எடுப்பார்கள். நிதானமான பாட்டுகளில் ஒவ்வொரு எண்ணிக்கையும் இரண்டிரண்டாக விழும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான், பாடுகிறவரின் கையைப் பார்த்து நம் கையைச் சேர்த்துக்கொள்வது. ஒரு சால்வையும் எடுத்துப் போங்கள். சென்னையில் நிஜமாகவே குளிருகிற இடம் சபா ஏ.சி. மட்டுமே.

கேன்டீனுக்கு வருவோம். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி சபை எழுந்து கேன்டீனுக்குப் போவது பழைய வியாதி. மிருதங்கக்காரருக்குச் செய்கிற அவமரியாதை ஒருபுறம் இருக்கட்டும், அந்த நேரத்தில் போனால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இலைச் சாப்பாட்டுக்கு, அதுவும் சனி ஞாயிறுகளில், பதினொன்றரைக்கே போய்விடுங்கள். டிபனுக்கு மூன்றரை மணி சரியான நேரம். கூட்டம் நெரியும்போது ரவா தோசை சொல்லாதீர்கள். கல்லில் நின்று முறுக வேண்டிய பண்டம் அது. அவசரப்படுத்தினால் நடுவில் வேகாமல் வரும். சேவை, அடை-அவியல், கீரை வடை, காசி அல்வா இருந்தால் அவையே பத்திரம்.

மார்கழி இருபத்தேழாம் நாள், திருப்பாவையின் இருபத்தேழாம் பாசுரத்துக்கு உரிய கூடாரவல்லி. பெரும்பாலும் ஜனவரி 11-ல் வரும். அன்றைக்குப் பெருமாள் கோயில்களில் பாலில் குழைய வேகவைத்த வெல்லப் பொங்கலான அக்காரவடிசல். வீட்டில் செய்ய, அரை கப் பச்சரிசி, இரண்டு டேபிள்ஸ்பூன் பாசிப்பருப்பு இரண்டையும் ஒரு ஸ்பூன் நெய்யில் வாசனை வரும்வரை மட்டும் வறுங்கள், சிவக்கக் கூடாது. ஒரு கப் தண்ணீரும் ஒரு லிட்டர் பாலும் சேர்த்து அடிகனமான உருளியில் சின்னத் தீயில் குழைய விடுங்கள். முக்கால் மணி நேரமாவது ஆகும், அடிக்கடி கிளற வேண்டும். அரிசியை விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், ஏனென்றால் வெல்லம் சேர்ந்தபின் அரிசி அதற்குமேல் வேகாது. ஒன்றேகால் கப் வெல்லத்தை அரை கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பச்சை வாசனை போகக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். உருளியை அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள். வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு, கொதிக்கிற பாலில் விழுந்தால் பால் திரிந்துவிடும். பிறகு மறுபடி சின்னத் தீயில் வைத்து, கால் கப்புக்குக் குறையாமல் நெய்யை மூன்று தவணையாக விட்டுக் கிளறுங்கள். ஏலக்காயும் கடுகளவு பச்சைக் கற்பூரமும் போதும். கொஞ்சம் தளர இருக்கும்போதே நிறுத்துங்கள், ஆறினால் இறுகும். இறுகிவிட்டால் சூடான பால் விட்டுத் தளர்த்தலாம்.

மியூசிக் அகாடமி வட்டாரத்திலேயே சுற்றாமல் ஒருநாள் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்கும் போங்கள். 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழாவில் தமிழ்ப் பாட்டாகவே கேட்கலாம். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.

புத்தகக் காட்சி வழக்கமாக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், பத்து சதவீதத் தள்ளுபடியோடு. வார நாட்களில் திறந்தவுடன் போவது உத்தமம், பொங்கல் விடுமுறையில் நுழைந்தால் புத்தகத்துக்குப் பதில் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள்.

இரவில் விழித்திருக்க முடிகிறவர்களுக்கு ஆமை நடை. ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் வாரக் கடைசி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் பொதுமக்களைக் கூட்டிப்போகிறார்கள். டார்ச்சும் கேமரா பிளாஷும் கூடாது. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். ஆமை வராமலும் போகலாம். அப்படியானால் மார்ச், ஏப்ரலில் பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடும் சாயங்காலங்களில் வாருங்கள், குழந்தைகளோடு வருபவர்களுக்கு அதுதான் வசதியும்கூட.