சுருங்கிய காசும் சுருங்காத பெருமையும்

ரோமானிய வெண்கலக் காசுகள் என்றதும் பலரும் முதல் நூற்றாண்டுப் பேரரசர் நீரோவின் செஸ்டர்ஷியஸைத்தான் கொண்டாடுவார்கள். ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள அந்தப் பித்தளைக் காசில் அவருடைய தடித்த கழுத்தும், மறுபக்கத்தில் போர் ஓய்ந்ததன் அடையாளமாகக் கதவடைத்த ஜேனஸ் கோயிலும் தாராளமாக இடம்பெறும். எனக்கோ நான்காம் நூற்றாண்டின் பொடிக்காசுகள்மீதுதான் ஈடுபாடு.

பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில், கி.பி. 330-ஐ ஒட்டி வெளிவரத் தொடங்கிய ஒரு வகையில், தலைக்கவசம் அணிந்த இரு வீரர்கள் ஒரு கையில் ஈட்டியைப் பிடித்து, மறு கையைக் கேடயத்தின்மேல் ஊன்றி எதிரெதிரே நிற்க, இடையில் இரண்டு படைக்கொடிகள் நடப்பட்டிருக்கும். சுற்றிலும் ‘படையின் பெருமை’ என லத்தீனில் பொறித்திருப்பார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் காசின் எடை இரண்டரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் அளவுக்கு இறங்கியது. இடம் போதாமல் போகவே, அச்சு செதுக்கியவர்கள் ஒரு கொடியை எடுத்துவிட்டார்கள். வாசகத்தை மட்டும் தொடவில்லை. இன்று காலத்தைக் கணிக்க விரும்புவோர் முதலில் எண்ணுவது அந்தக் கொடிகளைத்தான்.

348-இல் கான்ஸ்டன்டைனின் மகன்கள் கான்ஸ்டான்ஷியஸும் கான்ஸ்டன்ஸும் ‘நற்காலம் திரும்பியது’ என்ற வாசகத்துடன் சற்றே பெரிய காசை வெளியிட்டார்கள். அதன் பல சித்திரங்களுள் நிலைத்தது, குதிரையோடு சரிந்த எதிரி பின்னால் திரும்பிக் கையை உயர்த்த, ரோமானிய வீரன் அவனை ஈட்டியால் குத்தும் காட்சி. இரண்டே ஆண்டுகளில் கான்ஸ்டன்ஸ் கொல்லப்பட்டு உள்நாட்டுப் போர் மூண்டது. அந்தக் காசும் பின்னர் மெலிந்தது. அரசு விளம்பரங்களின் இயல்பு அன்றும் அப்படித்தான்.

முகங்களிலும் இதே கதை. நீரோவின் தாடை ஆண்டுக்கு ஆண்டு பருப்பதைக் காசுகளிலேயே காணலாம். கான்ஸ்டன்டைனின் மகன்களையோ பெயரைப் படித்தால் ஒழியப் பிரித்தறிவது கடினம்.

நான்காம் நூற்றாண்டின் இந்தச் செப்புக்காசுகள் மதுரை, கரூர் பகுதிகளிலும், இலங்கையில் மிகுதியாகவும் தேய்ந்த நிலையில் கிடைத்துள்ளன. இலங்கையில் இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலிகளும் அச்சிட்டார்கள். அவற்றில் பேரரசரின் பெயர் வெறும் கோடுகளாகச் சிதைந்திருக்கும். சந்தையில் அதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.