கெட்ட ரத்தம் போகுதுன்னு சும்மா படுத்திருந்தேன்

நமக்கு இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ரெண்டாவது புள்ள ஆஸ்பத்திரியில நல்லபடியாத்தான் பொறந்துச்சு, உடனே தொடையில ஊசி போட்டாங்க, நஞ்சுக்கொடியும் முழுசா வந்துருச்சு. அரை மணி நேரம் போயிருக்கும், கீழ சூடா வழியிற மாதிரி இருந்துச்சு. எங்க லயத்துல, அதான் தோட்டத்து லைன் வீட்டுல, பெரியவங்க எல்லாம் சொல்றது கெட்ட ரத்தம் போகப் போக நல்லதுன்னுதான், அதனால நான் யாரையும் கூப்பிடல, சிங்களமும் அரகொற, நடு ராத்திரியில என்னன்னு சொல்றது. கொட்டாவியா வந்துச்சு, ஒடம்பு குளுந்துச்சு, நம்ம ஊர் குளிர்தானேன்னு போர்வைய இழுத்துக்கிட்டேன்.

பிரஷர் பாக்க வந்த நர்ஸ் மிஸ் போர்வையத் தூக்கிட்டு "லே யனவா", ரத்தம் போகுதுன்னு சிங்களத்துல போட்ட சத்தத்துல நாலஞ்சு பேர் ஓடி வந்துட்டாங்க. ஒரு மிஸ் ரொட்டிக்கு மாவு பெசையிற மாதிரி வயித்தப் போட்டு அமுக்குனாங்க பாருங்க, புள்ள பெத்த வலி எல்லாம் ஒண்ணுமே இல்ல. கர்ப்பப்பை சுருங்காம தொளதொளன்னு கெடந்துச்சாம், அது இறுகுனாத்தான் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த எடத்துல ரத்தக்குழாய் மூடுமாம். டியூப் போட்டு மூத்திரத்த எடுத்தாங்க, ரெண்டு கையிலயும் ஊசி ஏத்தி சேலைன்ல கர்ப்பப்பைய சுருங்க வைக்கிற ஒக்சிடோசின், அப்புறம் ரத்தப்போக்கக் கொறைக்கிற டிரனெக்சமிக் அசிட், அது புள்ள பொறந்து 3 மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பிரயோசனமாம். அப்பவும் நிக்கல. கடைசியா டாக்டர் ஒரு ஆணுறைய ரப்பர் குழாயில கட்டி உள்ள வச்சு சேலைன் நெரப்பி பலூன் மாதிரி ஊத வச்சாரு, அதுக்கப்புறம்தான் நின்னுச்சு. இத எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா இன்னைக்கும் நம்ப மாட்டேங்கிறாரு.

அரை லீட்டர் போனாலே கவனிக்கணுமாம், எனக்கு ஒன்றரை லீட்டருக்கு மேல. மூணு பைன்ட் ரத்தம் ஏத்துனாங்க. வீட்டுக்காரர் வெளிய சட்டைக் கைய மடிச்சுக்கிட்டு நின்னாராம், வேணாம், யாரோ தானமா குடுத்தது பேங்க்ல இருக்குன்னு சொல்லிட்டாங்களாம்.

எம்மேலயும் தப்பு இருக்கு. கிளினிக்ல ரத்தத்துல ஹீமோகுளோபின் 9தான்னு மிட்வைஃப் மிஸ் திட்டித் திட்டி குடுத்த இரும்பு குளிசைய நான் பிளேன்டீயோட முழுங்குவேன், தேயிலச் சாயம் சத்த ஒடம்புல சேர விடாதுன்னு பிற்பாடுதான் தெரிஞ்சுச்சு, கொழுந்து பறிக்கிற நமக்கே!

வீட்டுக்கு வந்தப்புறமும் மிஸ் வந்து, ஆறு கிழமைக்குள்ள எப்ப வேணும்னாலும் ரத்தப்போக்கு திரும்ப வரலாம், ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு பேட் நனஞ்சா, கட்டி கட்டியா போனா 1990 அம்புலன்ஸுக்கு அடின்னு சொல்லிட்டுப் போனாங்க. மாமியார் அந்த நம்பர கரித்துண்டால அடுப்படிச் செவுத்துல எழுதி வச்சிருக்காங்க.