அம்மாவை உட்கார வைத்தோம்

கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா எங்களோடு பெங்களூரு மல்லேஸ்வரத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 71. "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, உட்காரு" என்று நான் சொன்னதும், என் மனைவி அவரைச் சமையலறைப் பக்கமே வரவிடாமல் பார்த்துக்கொண்டதும் அன்பினால்தான். பாலும் காய்கறியும் வாசலுக்கே வந்துவிடும். மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் உண்டு. ஊரில் விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, கடைத்தெருவுக்கு நடந்து, மாலையில் கும்பேசுவரர் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்தவரை ஆறே மாதத்தில் நாற்காலியில் முடக்கிவிட்டோம்.

முதலில் என் கண்ணில் பட்டது அவர் எழுந்திருக்கும் விதம். இரண்டு கைகளையும் நாற்காலியின் பிடியில் அழுத்தி, பாதி எழுந்து, அங்கேயே ஒரு கணம் நின்று, பிறகுதான் நிமிர்ந்தார். அடுத்த சில வாரங்களில், மாத்திரை போட்டாயிற்றா என்று அவரே என்னிடம் இரண்டு மூன்று முறை கேட்கத் தொடங்கினார். மருத்துவர் தைராய்டு, பி12 எல்லாம் பார்த்துவிட்டு, மறதி நோய் எதுவும் இல்லை, நடக்க வையுங்கள் என்றார்.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி முதுமையில் ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை சுருங்குகிறது. அமெரிக்காவில் 55 முதல் 80 வயதுக்குட்பட்ட 120 பேரை வைத்து நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வேகமாக நடந்தவர்களுக்கு ஓராண்டு முடிவில் அந்தப் பகுதி சுமார் இரண்டு சதவீதம் வளர்ந்திருந்தது; உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. நடக்கும்போது மூளைக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. நரம்பு செல்களுக்கு உரம்போல உதவும் பிடிஎன்எஃப் என்ற புரதமும் அதிகமாகச் சுரக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கவும் நடை உதவுகிறது; அது மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

ஆனால் நடந்தால் மறதியே வராது என்று வாட்ஸ்ஆப்பில் வருவதை நான் நம்பவில்லை. 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் வெறும் ஆரோக்கிய வகுப்புக்குப் போனவர்களுக்கும் சிந்தனைத் திறனில் மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. உடற்பயிற்சிக் குழுவில் 80 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும், தொடக்கத்தில் உடல் திறன் குறைவாக இருந்தவர்களுக்கும் மட்டும், திட்டமிட்டுச் செயல்படும் திறனில் பலன் தெரிந்தது. எழுபதுக்குமேல் தொடங்கியவர்களுக்கு மொத்தத்தில் பலன் தெரியாததைப் படித்தபின், எழுபதில் தொடங்குவதைவிட ஐம்பதிலேயே நடக்கத் தொடங்குவது மேல் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு இப்போது 48.

எங்கள் வீட்டுக்கு அருகிலேயே சாங்கி ஏரி இருக்கிறது. அதற்குப் பக்கத்து இந்திய அறிவியல் கழக வளாகத்தில்தான் மூளை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக் கிராம மக்களின் மூளை முதுமையை அந்த மையம் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவருகிறது. காலையில் அம்மாவும் நானும் ஏரிக்கரையில் நடக்கிறோம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு எங்கள் அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடக் கணக்கை எட்ட எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று. நடையைவிட அம்மாவுக்குக் கடினமாக இருந்தது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுவதுதான். அதையும் விடவில்லை, ஏனென்றால் முதியவர் கால் வலுவிழந்து ஒருமுறை கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் நடையே நின்றுபோகலாம்.

சமையலறையையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்போது 8ஆம் கிராஸ் சந்தைக்கு அவரே போகிறார். கன்னடம் தெரியாதவர், நேற்று "கொத்தம்பரி சொப்பு எஷ்டு?" என்று கேட்டு, கடைக்காரர் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்த சில்லறையை அங்கேயே எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.